பனி மூடிய மேடும் பூட்டிய மாளிகையும்

1964-ஆம் ஆண்டில் வெளிவந்த ‘கோஹ்ரா’ என்னும் இந்தித் திரைப்படம் நம் சங்கத்து மூத்த அன்பர்கள் பலருக்கு நினைவிருக்கும். செங்கல்பட்டில் பிறந்து பம்பாயில் புகழ்பெற்ற வஹீதா ரஹ்மான் அப்படத்தில் புதுமணப் பெண்ணாக ஒரு பெரிய மாளிகைக்குள் அடியெடுத்து வைக்கிறார். கணவன் அன்புடையவன்தான், ஆயினும் அவன் நெஞ்சில் ஏதோ ஒன்று மறைந்து கிடக்கிறது. மாளிகையின் மூலைமுடுக்கெல்லாம் இறந்துபோன முதல் மனைவியின் நினைவு நிறைந்திருக்கிறது. லலிதா பவார் ஏற்ற மூத்த பணிப்பெண், அந்நினைவை அணையாமல் காத்துப் புதிதாக வந்தவளை மருட்டுகிறாள். படத்தைத் தயாரித்து இசையும் அமைத்தவர் ஹேமந்த் குமார்; இயக்கியவர் பீரேன் நாக்.

‘கோஹ்ரா’ என்றால் மூடுபனி. திரையில் புகையாகப் படர்ந்த அப்பனி, உண்மையில் இங்கிலாந்தின் தென்மேற்குக் கோடியிலுள்ள கார்ன்வால் நாட்டுப் பனி. டாஃப்னி டூ மாரியர் என்னும் அம்மையார் 1938-இல் வெளியிட்ட ‘ரெபெக்கா’ நாவலே அப்படத்தின் மூலம். இதே குழுவினர் 1962-இல் எடுத்த ‘பீஸ் சால் பாத்’ படத்துக்கு வித்தாக அமைந்தது கானன் டாயிலின் ‘பாஸ்கர்வில் வேட்டைநாய்’. அக்கதை நிகழும் டார்ட்மூர் மேடோ கார்ன்வாலுக்கு அடுத்த டெவன் மாவட்டத்தில் உள்ளது. நம் நாட்டு மக்கள் இருளில் அமர்ந்து நடுங்கியதெல்லாம் டேமர் ஆற்றின் இரு கரைகளிலும் எழுந்த பனியைக் கண்டுதான்.

பிரிஸ்டல் நகரில் பணிபுரியும் எங்கள் மகளைக் காணச் சென்ற ஆண்டு அக்டோபர் மாதத்தில் நானும் என் மனைவியும் இங்கிலாந்து சென்றிருந்தோம். அவ்வமயம் நான்கு நாட்கள் கார்ன்வாலில் தங்கி, டூ மாரியர் அம்மையார் எழுதிய இடங்களைக் கண்டு வரும் வாய்ப்புக் கிட்டியது.

பிளிமத் நகரைக் கடந்ததும் புகைவண்டி ஓர் இரும்புப் பாலத்தின்மேல் ஊர்ந்து செல்கிறது. புரூனல் என்னும் பொறியியல் மேதை அமைத்த அப்பாலம் 1859-இல் திறக்கப்பெற்றது. கீழே டேமர் ஆறு. அதைக் கடந்தால் இங்கிலாந்து முடிந்துவிட்டது என்று கார்ன்வால்காரர் வேடிக்கையாகவும் வேடிக்கையின்றியும் கூறுவர். அவர்களுக்குத் தனி மொழி ஒன்று இருந்தது. 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் வழக்கொழிந்து, பிற்காலத்தில் ஆர்வலர்களால் மீண்டும் உயிரூட்டப்பெற்றது. ஊர்ப்பெயர்களில் மட்டும் அம்மொழி அழியாமல் நின்றது. ட்ரி, பொல், பென் என்று தொடங்கும் ஊர்கள் வரிசையாக வந்துகொண்டே இருக்கின்றன.

நாங்கள் இறங்கிய நிலையத்தின் பெயர் பார். அங்கிருந்து பேருந்தில் ஏறிச் சிறிது நேரத்தில் அடைந்த ஊரை எழுத்துக்கூட்டிப் படித்தால் ‘ஃபோவி’. அவ்வூரார் நாவில் ‘ஃபாய்’. ஆறு கடலில் கலக்குமிடத்தில், செங்குத்தான மலைச்சரிவில், ஒன்றன் தோள்மேல் ஒன்று ஏறி நிற்பது போல் வீடுகள். தெருக்களோ ஒரு கார் நுழைந்தால் மனிதர் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டிய அகலமே உடையவை. முன்பு பயணிகள் இரயில் ஊருக்குள் வந்து நின்றது. 1965-இல் அது நிறுத்தப்பட்டது. அக்கரை செல்லப் படகுகள் உண்டு. ஒன்று பொல்ருவானுக்கு ஆட்களை மட்டும் ஏற்றிச் செல்லும், மற்றொன்று பாடினிக் என்னும் சிற்றூருக்குக் கார்களையும் சுமந்து செல்லும். பாடினிக் துறையருகே வெள்ளைச் சுவரும் நீலச் சாளரங்களுமாக ஒரு வீடு, பாறையில் முதுகைச் சாய்த்தபடி ஆற்றைப் பார்த்து நிற்கிறது. டூ மாரியர் குடும்பத்தார் 1926-இல் வாங்கிய வீடு அது.

டாஃப்னி 1907-இல் இலண்டனில் பிறந்தவர். தந்தை புகழ்பெற்ற நாடக நடிகர். பாட்டனார் ‘ட்ரில்பி’ என்னும் நாவலை எழுதியவர். விருந்தும் கூட்டமுமாக இருந்த இலண்டன் வாழ்வு அப்பெண்ணுக்குப் பிடிக்கவில்லை. குடும்பத்தார் நகரம் திரும்பிய பின்னும் இந்த ஆற்றங்கரை வீட்டிலேயே தங்கி எழுதிய முதல் நாவல் 1931-இல் வெளியாயிற்று. அந்நூலைப் படித்து மயங்கிய பிரௌனிங் என்னும் இராணுவ அதிகாரி, நூல் காட்டிய துறைமுகத்தைக் காணத் தம் சொந்தப் படகில் ஃபாய்க்கு வந்தார், நூலாசிரியையையும் கண்டார். 1932-இல் ஒரு காலைப் பொழுதில், சிற்றோடை வழியே படகில் சென்று, லாண்டெக்லாஸ் என்னும் பழைய கோயிலில் இருவரும் மணம் புரிந்துகொண்டனர். நாவலில் எழுதியிருந்தால் நம்பியிருக்க மாட்டோம்.

காதலும் அச்சமும் ஒரே கயிற்றில் முறுக்கிய கதைகளை எழுதுவதில் இவர் வல்லவர் ஆனார். இவ்வகைக்கு இவர் முன்னோடி அல்லர். ஆன் ராட்கிளிஃப் 1794-இலேயே தனித்த கோட்டையில் ஓர் இளம்பெண்ணை அடைத்து வைத்து வாசகரை உறக்கமின்றி ஆக்கினார். ஷார்லட் பிராண்டியின் ‘ஜேன் அயர்’ 1847-இல் வந்தது. யார் எழுதினாலும் சரக்கு ஒன்றே: உற்றார் இல்லாத ஒரு பெண், ஒதுங்கிய ஓர் ஊர், ஒரு வீடு, அவள் நேசிக்கும் ஆனால் முழுதும் நம்ப இயலாத ஓர் ஆடவன்.

ஊர் ஏன் சிறியதாக இருக்க வேண்டும் என்று ஃபாய் தெருக்களில் நடந்தபோது விளங்கிற்று. பெருநகரில் ஒருவரை ஒருவர் அறியார். ஆகவே புதியவளும் அறியாதவளாக இருப்பதில் வியப்பில்லை. சிற்றூரிலோ எல்லோருக்கும் எல்லாம் தெரியும். வந்தவளுக்கு மட்டும் ஒன்றும் தெரியாது. கடைக்காரருக்குத் தெரியும், படகோட்டிக்குத் தெரியும், வேலைக்காரிக்குத் தெரியும். அவளைக் கண்டதும் பேச்சு நிற்கும். பேய் பிசாசு எதுவும் தேவையில்லை. அவ்வமைதி ஒன்றே போதும்.

‘ரெபெக்கா’வின் கதாநாயகிக்கு நூல் முழுவதும் பெயரே கிடையாது. பணக்கார அம்மாள் ஒருத்திக்குத் துணையாளாக மான்டி கார்லோ சென்ற ஏழைப்பெண், அங்கே மனைவியை இழந்த செல்வர் ஒருவரை மணந்து, அவருடைய மான்டர்லி மாளிகைக்கு வருகிறாள். வந்த நாள் முதல் அவள் ‘திருமதி டி விண்டர்’. அப்பெயரும் அவளுக்கு முன் ஒருத்தி தாங்கி, வீட்டின் ஒவ்வொரு பொருளிலும் பதித்துவிட்டுப் போன பெயர். பாடினிக் படகில் இதை எங்கள் மகள் விளக்கிக்கொண்டிருந்தாள்.

“கடைசி வரைக்கும் பெயரே சொல்ல மாட்டார்களா?” என்றாள் என் மனைவி.

“சொல்ல மாட்டார்கள், அம்மா.”

“இதில் என்ன அதிசயம்? பிலாயில் பதினைந்து வருஷம் என் பெயர் யாருக்குத் தெரிந்தது? ‘மதராசி பாபி’ என்றால்தான் தெரியும்.”

நான் கல்லூரி நாட்களில் இந்நாவலை ஒரே இரவில் படித்தவன். அப்போது என் கவனமெல்லாம் மர்மம் எப்போது அவிழும் என்பதிலேயே இருந்தது. மணமான மறுவாரமே கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸில் ஏறி, மொழி தெரியாத குடியிருப்பு ஒன்றில் இறங்கி, கணவன் ஷிப்டுக்குச் சென்றபின் தாழிட்ட கதவுக்குள் அமர்ந்திருந்த நம் வீட்டுப் பெண்களுக்கு அந்நூலின் முதற்பாதியில் மர்மம் எதுவும் இல்லை. தொலைபேசி ஒலித்தால் எடுக்க அஞ்சுவது, வேலைக்காரியிடம் எவ்வாறு பேசுவதெனத் தெரியாமல் விழிப்பது, உடைந்த பீங்கான் பொம்மையை மேசை இழுப்பறையில் ஒளித்து வைப்பது, இவையெல்லாம் அவர்கள் நன்கு அறிந்த செய்திகளே. முடிவு என்ன ஆயிற்று என்பதை இங்கே கூறப்போவதில்லை. படியாத அன்பர்கள் படித்தே அறிக.

இந்நூலை அம்மையார் தொடங்கிய இடம் கார்ன்வால் அன்று. 1937-இல் கணவரின் படை எகிப்து நாட்டு அலெக்ஸாண்டிரியாவில் நின்றது. அம்மையாரும் அங்கே இருந்தார். தாங்க இயலாத வெப்பத்திலும் மணற்காற்றிலும் அமர்ந்து, மழையையும் பனியையும் ஈரம் சொட்டும் மரங்களையும் எழுதினார். ஊர் ஏக்கத்தால் பிறந்த நூல் அது. தஞ்சாவூர்க் காவிரியைப் பற்றி உருக்கமாக எழுதியவர்களில் எத்தனை பேர் மாதுங்காவிலும் கரோல் பாகிலும் அமர்ந்து எழுதினர் என்பதை எண்ணினால் இது புரியும்.

அவர் ஏங்கிய வீட்டின் பெயர் மெனபிலி. மான்டர்லியின் பெரும்பகுதி இதுவே. உள்ளமைப்பில் சிலவற்றை, சிறுவயதில் கண்ட மில்டன் என்னும் வேறொரு மாளிகையிலிருந்து எடுத்துக்கொண்டார். மெனபிலி பல தலைமுறைகளாக ராஷ்லி குடும்பத்தாரின் உடைமை. டாஃப்னி இளம்பெண்ணாக இருந்தபோது அது பூட்டிக் கிடந்தது. காடு மண்டிய நெடும்பாதையில் அத்துமீறி நுழைந்து, கொடிகள் சாளரங்களை மூடிய அவ்வீட்டைக் கண்டு மனம் பறிகொடுத்தார். 1943-இல், கூரை ஒழுகி, மின்விளக்கும் இல்லாத நிலையில் இருந்த அதனைக் குத்தகைக்கு எடுத்துச் செப்பனிட்டுக் குழந்தைகளுடன் குடியேறினார். கணவர் போர் முடியும் தறுவாயில் கண்டியிலிருந்த மவுண்ட்பேட்டனின் தலைமையகத்தில் பணிபுரிந்தார்; பின்னர் இலண்டனில். வீட்டை ஆண்டவர் அம்மையாரே. கற்பனையில் எழுதிய மாளிகைக்குள் ஐந்தாண்டு கழித்து எழுதியவரே குடிபுகுந்த செய்தி வேறெங்கும் நிகழ்ந்ததாக நான் படித்ததில்லை.

ஆயினும் வீடு அவருடையதாகவில்லை. 26 ஆண்டுகள் வாழ்ந்து, நூல் விற்ற பணத்தைக் கொட்டி, தோட்டம் வளர்த்து, கணவரையும் 1965-இல் அங்கேயே இழந்து, 1969-இல் உரிமைக் குடும்பத்தாரிடம் வீட்டை ஒப்படைத்துவிட்டு வெளியேறினார். அதே பண்ணையைச் சேர்ந்த கில்மார்த் என்னும் வீடு அவருக்குக் கிடைத்தது. நடந்து செல்லும் தூரம்தான். அங்கிருந்தபடியே 1989-இல் காலமானார்.

இச்செய்தியை மகள் கூறியபோது நாங்கள் இருவரும் ஒன்றும் பேசவில்லை. ஓய்வு பெற்ற மாதத்தில் குவார்ட்டர்ஸ் சாவியை அலுவலகத்தில் கொடுத்துக் கையெழுத்திட்டு வந்தவர்கள் நாங்கள். கொல்லையில் நின்ற முருங்கையும், ஊரிலிருந்து ஈரத்துணியில் சுற்றிக் கொண்டுபோன கறிவேப்பிலைக் கன்று மரமாகி நின்றதும் இன்று யார் சமையலுக்கு உதவுகின்றனவோ! நம் சங்கத்துக் குடும்பங்களில் பாதிக்கு மேல் இக்கதை உடையவைதாம்.

மெனபிலி இன்றும் தனியார் இல்லம், பார்வையாளருக்கு இடமில்லை. மரங்கள் சூழ்ந்திருப்பதால் பாதையிலிருந்தும் தெரிவதில்லை. ஆனால் அதன் கீழேயுள்ள கடற்கரைக்குப் பொதுவழி உண்டு. ஃபாயிலிருந்து கடலோரமாகவே நடக்க வேண்டும். முதலில் வருவது ‘ரெடிமனி’ என்னும் சிறு துறை. பம்பாய்வாழ் அன்பர்கள் அப்பெயரைக் கேட்டதும் வள்ளல் கவாஸ்ஜி ஜஹாங்கீர் ரெடிமனியை எண்ணிப் புன்னகைப்பர். இரண்டுக்கும் தொடர்பில்லை, பழைய கார்னிஷ் சொல் ஒன்று ஆங்கிலக் காதில் மருவியது என்பர். அதற்குமேல் எட்டாம் ஹென்றி மன்னன் காலத்துச் சிறு கோட்டை. பிறகு மேடும் பள்ளமுமாகப் புல்வெளி, ஒருபுறம் கடல். சுமார் இரண்டு மணி நேரம் நடந்து பொல்ரிட்மத் என்னும் குடாவை அடைந்தோம்.

நாவலில் வரும் படகுக் குடில் இங்கேதான் மனத்தில் உருவாயிற்று. கரையில் ஒரு குடில் நிற்கிறது. அதன் பின்னே சிறு ஏரி. ஏரிக்குப் பின்னே காடு. 1930-இல் இக்குடாவில் கப்பல் ஒன்று பாறையில் மோதிச் சிதைந்ததை அம்மையார் கண்டார். நாவலின் திருப்புமுனையாக அமையும் கப்பல் விபத்து அதிலிருந்து பிறந்தது. நாங்கள் சென்றபோது வானம் தெளிவாகவே இருந்தது. பிறகு கடலிலிருந்து பனி ஏறிற்று. கிரிபின் முனையில் மாலுமிகளுக்கு அடையாளமாக 1832-இல் எழுப்பிய, 84 அடி உயரமும் சிவப்பு வெள்ளைப் பட்டைகளும் கொண்ட கோபுரம் கண் எதிரே அடியிலிருந்து மேலாக மறைந்தது. கதைகளில் வரும் மிகைக் கூற்றென நான் எண்ணியிருந்த பனியைக் கையை நீட்டித் தொட்டேன்.

மறுநாள் மகள் காரோட்ட, பாட்மின் மேட்டுக்குச் சென்றோம். கார்ன்வாலின் நடுவே மரமற்ற பெருவெளி. உச்சியான பிரவுன் வில்லி 420 மீட்டர் உயரம். இங்கே போல்வென்டர் என்னும் குக்கிராமத்தில் நிற்கிறது ‘ஜமெய்க்கா விடுதி’. 1750-இல் குதிரை வண்டிப் பயணிகளுக்காகக் கட்டிய சத்திரம். 1930 நவம்பரில் டாஃப்னி ஒரு தோழியுடன் இங்கே தங்கினார். குதிரையேறிச் சென்ற இருவரும் மழையிலும் இருளிலும் வழி தவறினர். செய்வதறியாது கடிவாளத்தைத் தளரவிட்டபோது, குதிரைகள் தாமே வழி கண்டு விடுதிக்கு மீட்டு வந்தன. 1936-இல் ‘ஜமெய்க்கா விடுதி’ நாவல் வெளிவந்தது. தாயை இழந்த மேரி என்னும் பெண், சிற்றன்னையின் ஆதரவை நாடி இவ்விடுதிக்கு வருகிறாள். வந்த இடத்தில் சிற்றன்னை நடைப்பிணம், அவள் கணவன் கடத்தற்காரரின் தலைவன். அவனுடைய தம்பியோ குதிரைத் திருடன். மேரியின் மனம் அவனிடமே செல்கிறது. அவனும் கொலைத் தொழிலில் பங்குடையவனா என்ற ஐயத்தைச் சுமந்துகொண்டே அவனை விரும்புகிறாளே, அதுதான் கதை. ‘ரெபெக்கா’வை விட இதையே நான் மேலாகக் கருதுகிறேன். அங்கே நாயகி அஞ்சி ஒடுங்குகிறாள்; மேரி அஞ்சியபடியே இருளில் நடந்து செல்கிறாள்.

கடத்தல் தொழில் செழித்ததற்குக் காரணம் வரி. 18-ஆம் நூற்றாண்டில் தேயிலையின்மீது சுமத்திய தீர்வை ஒரு காலத்தில் 119 விழுக்காட்டை எட்டியது. 1784-இல் அதனை 12.5 விழுக்காடாகக் குறைத்ததும் கள்ளத் தேயிலைக்கு வேலையில்லாமற் போயிற்று. பிராந்தியும் புகையிலையும் பின்னும் இரவில் கரையேறின. பொய்விளக்குக் காட்டிக் கப்பல்களைப் பாறையில் மோதச் செய்தனர் என்று நாவல் கூறுவதற்கு வரலாற்றாசிரியர்கள் உறுதியான சான்று காணவில்லை. கரைதட்டிய கப்பலின் சரக்கை ஊரார் அள்ளிச் சென்றதற்கோ சான்று ஏராளம். அவ்வழக்கம் முற்றும் மறைந்துவிட்டது என்றும் சொல்வதற்கில்லை. 2007 ஜனவரியில் டெவன் கரையில் ‘நாப்போலி’ கப்பலின் பெட்டிகள் ஒதுங்கியபோது, புத்தம்புதிய மோட்டார் சைக்கிள்களை மக்கள் தள்ளிக்கொண்டு போனதை உலகமே தொலைக்காட்சியில் கண்டது.

இன்றைய விடுதியில் உணவுக்கூடம், தங்கும் அறைகள், கடத்தல் காட்சிச்சாலை, கதாபாத்திரம் ஒருவன் கொலையுண்ட இடத்தைக் காட்டும் தரைப் பலகை எல்லாம் உண்டு. இல்லாத மனிதன் இறந்த இடத்தைச் சுற்றி நின்று படம் பிடிப்போரைக் கண்டு எனக்குச் சிரிப்பு வந்தது. நெடுஞ்சாலையும் விடுதிக்கு வெகு அருகில் இரைகிறது. ஆனால் பின்புறமாகச் சிறிது தூரம் நடந்தால் இரைச்சல் ஓய்ந்து, புல்லும் கல்லும் காற்றும் மட்டுமே மிஞ்சுகின்றன. அங்கே நூல் மெய்யாகிறது.

வழியில் பாழடைந்த புகைபோக்கிக் கட்டடங்கள் பலவற்றைக் கண்டோம். பழைய சுரங்க எந்திர மனைகள் அவை; 2006-இல் இச்சுரங்க நிலப்பரப்பு உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பெற்றது. வெள்ளீயமும் செம்பும் விலை வீழ்ந்தபோது கார்ன்வால் தொழிலாளர் கூட்டம் கூட்டமாகக் கடல் கடந்தனர். 1880-ஐ ஒட்டி ஜான் டெய்லர் நிறுவனம் கோலார் தங்கவயலைத் தொடங்கியபோது அங்கே மேற்பார்வைக்கு வந்தோரில் பலர் இம்மண்ணினர். அவர்களுடன் பூமிக்குள் இறங்கியோர் வட ஆர்க்காட்டிலிருந்தும் பிற மாவட்டங்களிலிருந்தும் சென்ற தமிழர். கார்ன்வாலின் கடைசி வெள்ளீயச் சுரங்கமான சவுத் கிராஃப்டி 1998-இல் மூடிற்று. கோலார் 2001-இல் மூடிற்று. நம் மகாசபைகளில் தங்கவயல் குடும்பத்தார் இல்லாத ஊர் ஏது?

இங்கே வீட்டுப் பிரச்சினையும் கடுமை. கோடையில் மட்டும் வந்து தங்கும் செல்வர்கள் வாங்கிக் குவித்ததால், ஊர்ப்பிள்ளைகளுக்கு வீடு எட்டாக் கனியாயிற்று. செயின்ட் ஐவ்ஸ் நகர மக்கள் 2016-இல் வாக்களித்து, புதிதாகக் கட்டும் வீடுகளை நிலையாக வாழ்வோர்க்கே விற்க வேண்டுமென்று தீர்மானித்தனர். குளிர்காலத்தில் ஃபாயில் விளக்கெரியாத சாளரங்கள் பல என்று எங்கள் விடுதி அம்மாள் கூறினார்.

ஃபாய்க்கு வெளியே சாலையோரம் ஒரு நெடுங்கல் நிற்கிறது. அதில் ஆறாம் நூற்றாண்டுக் கல்வெட்டு. குனோமோரசின் மகன் ட்ரஸ்டானுஸ் என்று அறிஞர் படிக்கின்றனர். மன்னனுக்கென அழைத்துவந்த பெண்ணைத் தானே காதலித்து மடிந்த ட்ரிஸ்டன் இவனே என்பது மரபு. அக்காதலை இந்த ஊரிலேயே வைத்து ஆர்தர் குவில்லர் கூச் என்னும் ஃபாய் நகரப் பேராசிரியர் தொடங்கி முடியாமல் விட்ட நாவலை, டூ மாரியர் அம்மையார் எழுதி முடித்து 1961-இல் வெளியிட்டார். கல்லருகே நாங்கள் நின்றபோது லாரிகள் சேற்றை வாரி இறைத்துச் சென்றன.

செல்ல விரும்பும் அன்பர்கள் இலண்டன் பாடிங்டன் நிலையத்தில் வண்டியேறிப் பாரில் இறங்கலாம். ஜமெய்க்கா விடுதிக்கு இரயில் கிடையாது, கார் வேண்டும். கடலோரப் பாதை வழுக்கும். நல்ல காலணியும் மழைச்சட்டையும் எக்காலத்தும் தேவை. மரக்கறி உண்போர் கவலைப்பட வேண்டாம்: பாலாடைக்கட்டியும் வெங்காயமும் அடைத்த ‘பாஸ்டி’ கிடைக்கும், நம் சோமாசி போன்ற வடிவம், அதனினும் நான்கு மடங்கு பெரிது. மாலைத் தேநீருடன் வரும் ரொட்டியில் முதலில் ஜாமைத் தடவி அதன்மேல் பாலேட்டை வைக்க வேண்டும். மாற்றி வைத்தால் டெவன்காரர் என்று எண்ணிவிடுவர்.